சோர்ஸில் இருந்து கட்டிய லினக்ஸ் தினப்பாவனைக்குத் தாங்குமா? எல்எஃப்எஸ் 12.4 வந்துவிட்டது, இனி என்ன செய்வது?

கொட்டாஞ்சேனைக் குருவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வெசாக் விடுமுறையில் வீட்டார் எல்லோரும் கூடு பார்க்கப் போன இரண்டு இரவும் நான் மட்டும் அறைக்குள் இருந்து எல்எஃப்எஸ் கட்டினேன், அதாவது 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' புத்தகத்தைப் பார்த்து முழு லினக்ஸையும் சோர்ஸில் (மூல நிரலில்) இருந்து. 2025 மார்ச்சில் வந்த 12.3 பதிப்பு, சிஸ்டம்டி (சேவைகளைத் தொடக்கும் நிரல்) வகை. பெட்டி, யூனிட்டி பிளாசாவில் பாவித்ததாக வாங்கிய லேப்டொப்: நாலு கோர் ஐ5, 8 ஜிபி ரம், 256 ஜிபி எஸ்எஸ்டி. அடிப்படை இரண்டு இரவில் முடிந்தது. அதன் மேல் டெஸ்க்டொப்புக்கான எக்ஸ், ஜிடிகே, எக்ஸ்எஃப்சிஇ, பிறகு பிரின்டர் என்று, அதன் தொடர்ச்சியான பிஎல்எஃப்எஸ் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். முதல் தடவை அந்தக் கறுப்புத் திரையில் லொகின் கேட்டபோது அழுகை வந்துவிட்டது, சிரிக்காதீர்கள்.

ஜூனில் இருந்து இதுதான் என் ஒரே பெட்டி. வகுப்புக் குறிப்பு, மின்னஞ்சல், வேலைக்கான கணக்கு அட்டவணை எல்லாம் இதில்தான். நன்றாகத்தான் ஓடுகிறது. பிரச்சினை என்னவென்றால், கட்டிய நாளில் இருந்து நான் ஒன்றையும் மேம்படுத்தவில்லை. குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஓட்டை, அதில் ஓட்டை, இதில் ஓட்டை என்று செய்தி வரும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. இதில் 'அப்கிரேட்' என்று ஒரு கட்டளை இல்லையே. இப்போது, 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி, 12.4 வந்துவிட்டது. அதில் ஜிலிப்சி (எல்லா நிரலும் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி) 2.41 இல் இருந்து 2.42, ஜிசிசி (கொம்பைலர்) 14 இல் இருந்து 15.

இருப்பதற்கு மேலேயே புதியதை ஒவ்வொன்றாகக் கட்டலாமா? அல்லது எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆனா ஆவன்னாவில் இருந்து தொடங்க வேண்டுமா? அப்படியென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் ஞாயிறுகள் எல்லாம் போய்விடும். உண்மையில் யாராவது இதைத் தினமும் பாவிக்கிறீர்களா, அல்லது எல்லோரும் கட்டிப் படம் எடுத்துப் போட்டுவிட்டு உபுண்டுவுக்குத் திரும்பிவிடுகிறீர்களா?

இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். எதை எப்போது போட்டேன் என்று ஒரு பட்டியலும் வைக்கவில்லை. எல்லாம் நேரே பெட்டிக்குள் போடும் 'மேக் இன்ஸ்டால்' கட்டளை, அவ்வளவுதான்.


பெட்டிக்கடை எழுதியது:

டெபியன் போடுங்கள், எல்லாம் கட்டியே வரும். கதை முடிந்தது.

நானும் 2009 இல் கட்டினேன். எழும்பியது, படம் எடுத்தேன், அழித்தேன். அதற்குள் என்ன நடக்கிறது என்று விளங்கிவிட்டது, அதற்குத்தானே அந்தப் புத்தகம்? மா இடிப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் உரலில் இடிக்கலாம். அதற்காகத் தினமும் இடியப்பத்துக்கு உரலைத் தேடுவதா?


உப்புக்காற்று எழுதியது:

பெட்டிக்கடை அண்ணை சொல்வதில் பிழை இல்லை. ஆனால் நான் 2019 இல் இருந்து உரலில்தான் இடிக்கிறேன். ஆகவே இடிக்கிறவன் கதையையும் கேளுங்கள், தங்கச்சி.

நான் கணினி படித்தவன் இல்லை. வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், வீட்டு முன்னறையில் இருந்து புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிறவன். கோயில் மலர், பாடசாலை ஆண்டு மலர், கவிதைத் தொகுப்பு, நினைவு மலர். அச்சகத்துக்குப் போகும் பிடிஎஃப் எல்லாம் இந்தப் பெட்டியில்தான் பிறக்கிறது. ஒரு நாள் பெட்டி எழும்பாவிட்டால் எனக்கு அந்த நாள் உழைப்பு இல்லை. தினப்பாவனை என்று நான் சொல்வது அதைத்தான்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஜிலிப்சியும் ஜிசிசியும் மாறும்போது இருப்பதற்கு மேல் கட்டாதீர்கள். அழிக்கவும் வேண்டாம். பக்கத்தில் இன்னொன்று கட்டுங்கள்.

என் டிஸ்கில் 40 ஜிபி வீதம் இரண்டு ரூட் (சிஸ்டம் இருக்கும்) பார்ட்டிஷன் இருக்கிறது. மிச்சம் முழுவதும் ஹோம், என் சொந்தக் கோப்புகளுக்கு. இன்று 'அ'வில் வேலை செய்கிறேன் என்றால், அடுத்த பதிப்பை 'ஆ'வில் கட்டுவேன். எல்எஃப்எஸ் கட்ட ஏற்கெனவே ஓடும் ஒரு லினக்ஸ் வேண்டும் அல்லவா, அந்தப் பழைய லினக்ஸ் வேறு எதுவும் இல்லை, போன வருடம் நானே கட்டியதுதான். ஒரு ஜன்னலில் ஜிசிசி கொம்பைல் ஆகிக்கொண்டிருக்கும், இன்னொரு ஜன்னலில் நான் யாரோ ஒருவருடைய கவிதைக்கு வரி இடைவெளி பார்த்துக்கொண்டிருப்பேன். 'ஆ' எழும்பி, வைஃபை பிடித்து, பிரின்டரில் ஒரு பக்கம் அச்சாகிய பிறகுதான் அதற்கு மாறுவேன். 'அ' அடுத்த சுற்று வரைக்கும் பெட்டி எழும்பும்போது வரும் குரப் மெனுவில் அப்படியே கிடக்கும். ஹோம் பொதுவானது, பயனர் எண்ணை மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் வருடத்துக்கு ஒருமுறை, செப்டெம்பர் பதிப்புக்கு மட்டும் செய்கிறேன். மார்ச் பதிப்பைக் கண்டுகொள்வதே இல்லை.

ஏன் ஜிலிப்சிக்கு இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். 2020 ஊரடங்கு நேரம், வேலையும் இல்லை, கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. 2.30 இல் இருந்த என் பெட்டிக்கு 2.31 ஐக் கொம்பைல் செய்தேன். செய்துவிட்டு, புத்திசாலி மாதிரி, ஜிலிப்சியின் பிரதான கோப்பான புதிய லிப்சியை சிபி கட்டளையால் பழையதன் மேல் கொப்பி பண்ணினேன். என்டரை அழுத்தினேன், 'செக்மென்டேஷன் ஃபோல்ட்' என்றது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தேன், அதுவும் அதே. எந்தக் கட்டளை அடித்தாலும் அதே பதில்.

நடந்தது இதுதான். சிபி ஏற்கெனவே இருக்கும் கோப்பை வெறுமையாக்கிவிட்டு அதே கோப்புக்குள் புதியதை ஊற்றும். ஓடிக்கொண்டிருக்கும் எல்லா நிரல்களும், அந்த சிபியும் உட்பட, அந்தக் கோப்பின் மேல்தான் நின்றுகொண்டிருக்கின்றன. நிற்கிற பலகையை நானே இழுத்துவிட்டேன். 'இன்ஸ்டால்' என்று ஒரு கட்டளை இருக்கிறது, அது பழைய பெயரை நீக்கிவிட்டுப் புதிய கோப்பாக வைக்கும். ஓடுகிற நிரல்கள் தாங்கள் பிடித்திருக்கும் பழைய கோப்பை மூடும் வரைக்கும் அது டிஸ்கில் உயிரோடு இருக்கும். எல்எஃப்எஸ் புத்தகத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. நான் வாசித்தது பிறகு.

மீட்க ஒரு லைவ் பென் டிரைவ் வேண்டும். வீட்டில் இல்லை, கடைகள் எல்லாம் பூட்டு. கடைசியில் மருமகனின் விண்டோஸ் லேப்டொப்பில், பழைய கமராவின் மெமரி கார்டில் இமேஜை எழுதி, கார்ட் ரீடரில் செருகி எழுப்பினேன். ஜிலிப்சி கட்டிய அடைவு அழியாமல் இருந்தது. வெளியே இருந்து மவுண்ட் பண்ணி அங்கிருந்தே முழுதாக இன்ஸ்டால் செய்தேன். இரண்டு நாள் போனது. இன்னொன்றையும் அன்றுதான் படித்தேன்: ஜிலிப்சியில் முன்னே போகலாம், பின்னே வர முடியாது. பழைய நிரல் புதிய ஜிலிப்சியில் ஓடும், புதியதோடு கட்டிய நிரல் பழையதில் ஓடாமல் போகலாம். ஓடுகிற பெட்டியிலேயே ஜிலிப்சியை உயர்த்துவதற்குப் புத்தகம் இப்போது வழி சொல்லித்தான் இருக்கிறது, கவனமாகச் செய்தால் நடக்கும். எனக்கு மனம் வராது.

அந்த இரண்டு நாளுக்குப் பிறகு நேரடி 'மேக் இன்ஸ்டால்' என்னிடம் இல்லை. ஒவ்வொரு பொதியையும் முதலில் ஒரு வெற்று அடைவுக்குள் இன்ஸ்டால் பண்ணுவேன், டெஸ்ட்டிர் என்ற மாறி அதற்குத்தான். அதை டார் என்ற ஒரே கோப்பாகக் கட்டி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்த டாரைத்தான் ரூட்டில் விரிப்பேன். என்னென்ன கோப்பு எங்கே போனது என்று அந்த டாரே சொல்லும். கூடவே பொதிக்கு ஒன்றாக ஒரு சின்ன ஸ்கிரிப்ட், கட்டிய கட்டளைகளோடு. அதன் முதல் வரியில் இது எனக்கு ஏன் வேண்டும் என்று எழுதுவேன். 'ஸ்கிரைபஸ் கேட்டது' (ஸ்கிரைபஸ் நான் பக்கம் அமைக்கும் நிரல்), 'பிரின்டருக்கு', 'ஆசைக்குப் போட்டது'. அடுத்த வருடம் கட்டும்போது ஆசைக்குப் போட்டவை எல்லாம் கழிந்துவிடும். போன முறை அப்படி முப்பதுக்கு மேல் கழித்தேன்.

நீங்கள் பட்டியல் வைக்கவில்லை என்றீர்கள். தரவிறக்கிய டார் கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்தால் அந்த அடைவேதான் பட்டியல், கோப்புத் திகதியைப் பார்த்தால் கட்டிய ஒழுங்கும் அநேகமாகக் கிடைக்கும்.

இடைப்பட்ட மாதங்களில் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அதை மட்டும் இருப்பதற்கு மேல் கட்டுவேன். எல்எஃப்எஸ் தளத்தில் பதிப்பு வாரியாகப் பாதுகாப்பு அறிவித்தல் பக்கம் இருக்கிறது, வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். இதில் பார்க்க வேண்டியது லைப்ரரியின் பெயருக்குப் பின்னால் வரும் இலக்கம். ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வரிசைக்குள் நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் அது 'எஸ்ஓ 3' தான். ஆகவே அதை மட்டும் கட்டி, போட்டு, மறுதொடக்கம் செய்தால் போதும், அதை நம்பியிருக்கும் மற்ற ஒன்றையும் தொட வேண்டியதில்லை. உங்களைக் கலக்கிய ஓட்டைக்கு மருந்து பத்து நிமிட வேலை.

எல்லா மொழி எழுத்துகளையும் கையாளும் ஐசியு லைப்ரரி அப்படி இல்லை. அதற்குப் பெரிய பதிப்பு வருடத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றிலும் இலக்கம் மாறும். அதை நம்பியிருப்பவை ஒரு பெரிய குடும்பம். 2024 கடைசியில், ஒரு தேவையும் இல்லாமல், ஐசியு 74 இல் இருந்து 76 க்குப் போனேன். போனது கூடப் பிழையில்லை, பழைய 74 கோப்புகள் அங்கேயே இருக்கும், பழைய நிரல்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு ஓடும். நான் என்ன செய்தேன் என்றால், வீடு கூட்டுகிற மாதிரி அந்த 74 களை அழித்தேன். அடுத்த நாள் ஸ்கிரைபஸ் திறக்கவில்லை. மேசையில் 31 ஆம் நாள் நினைவு மலர் ஒன்று. கோயில் மலர் என்றால் ஐயரிடம் கெஞ்சி ஒரு நாள் கூடக் கேட்கலாம். முப்பத்தோராம் நாளை யாராலும் தள்ளிவைக்க முடியாது. ஆனால் இந்த முறை டார் இருந்தது. 74 ஐ விரித்தேன், இரண்டு நிமிடம். பிறகு ஆறுதலாக ஒரு ஞாயிறு எல்லாவற்றையும் 76 க்குத் திருப்பிக் கட்டினேன். ஒரு நிரல் எந்த லைப்ரரிகளை நம்பியிருக்கிறது என்று காட்டும் எல்டிடி என்ற கட்டளையை பின், லிப் அடைவுகளில் உள்ள எல்லாவற்றின் மேலும் ஒருக்கா ஓடவிட்டு, 'நொட் ஃபவுண்ட்' என்று ஒன்றும் இல்லை, 74 ஐ யாரும் கேட்கவில்லை என்று உறுதியான பிறகுதான் பழையதை அழிக்கலாம்.

பைத்தனும் இப்படி ஒரு குசும்பு செய்யும், இலக்கம் 3.12 இல் இருந்து 3.13 ஆனால் துணைப் பொதிகள் இருக்கும் அடைவின் பெயரே மாறிவிடும், மற்றப் பொதிகளைக் கட்ட உதவும் மெசோன் காணாமல் போய்விடும். உங்கள் 12.3 இலும் 12.4 இலும் 3.13 தான், தப்பினீர்கள்.

தமிழ் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் என் சோறு அதில்தான். எழுத்துருவை வரையும் ஃப்ரீடைப்பும் எழுத்துகளைச் சேர்த்து அடுக்கும் ஹார்ஃப்பஸும் கோழியும் முட்டையும். முதலில் ஃப்ரீடைப், பிறகு ஹார்ஃப்பஸ், பிறகு திரும்பவும் ஃப்ரீடைப். இந்த மூன்றாவது படியைப் பலர் விட்டுவிடுவார்கள். ஜிலிப்சி கட்டி முடிந்ததும் லொகேல் (மொழி, நாட்டு அமைப்பு) தெரிவு செய்யும்போது இலங்கைத் தமிழையும் சேருங்கள், அது ஜிலிப்சிக்குள்ளேயே இருக்கிறது. ரெங்கநாதன் விசைப்பலகை பழக்கம் என்றால் தட்டச்சுக்கான ஐபஸ்ஸும் எம்17என்னும் கட்ட வேண்டும். ஒவ்வொரு புதிய ரூட்டிலும் நான் முதலில் திறப்பது போன வருடத்துக் கோயில் மலரைத்தான். 96 பக்கம். கொம்பும் காலும் இடம் மாறாமல் இருக்கிறதா, பக்கம் பிரியும் இடங்கள் பழைய பிடிஎஃப்பில் உள்ள மாதிரியே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புது வேலை எடுப்பேன்.

எல்லாவற்றையும் சோர்ஸில் இருந்து கட்ட வேண்டும் என்று வைராக்கியம் வேண்டாம். பிரவுசரை நான் கட்டுவதில்லை. ஃபயர்ஃபொக்ஸ் நாலு வாரத்துக்கு ஒரு பதிப்பு, அதற்கு ரஸ்ட், எல்எல்விஎம் என்று ஒரு படையே வேண்டும், 8 ஜிபி ரம்மில் உங்கள் பெட்டி மூச்சுத் திணறும். மொசில்லா தரும் பைனரியை ஓப்ட் அடைவில் விரித்துப் பாவியுங்கள். அது ஒலிச் சேவையான பல்ஸ்ஓடியோவையோ அதைப் போல நடிக்கும் பைப்வயரையோ தேடும். வெறும் அல்ஸா மட்டும் இருந்தால் படம் ஓடும், சத்தம் வராது. அதில் நான் ஒரு இரவு முழுக்க மண்டையை உடைத்தேன்.

பெட்டிக்கடை அண்ணைக்கு ஒன்று: இடித்த மாவுக்கு வாசம் வேறு.


ஜென்டூக்காரன் எழுதியது:

உப்புக்காற்று அண்ணா கையால் செய்வதை எல்லாம் எனக்கு ஜென்டூ லினக்ஸின் பொதி மேலாளரான போர்ட்டேஜ் செய்கிறது. பழைய லைப்ரரியை யாராவது பிடித்துக்கொண்டிருந்தால் அது தானாகவே வைத்திருக்கும், யார் யாரைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றும் சொல்லும். சோர்ஸில் இருந்து கட்டும் ஆசை, ஆனால் கணக்குப்பிள்ளை வேலை வேண்டாம் என்றால், குருவி, ஜென்டூவை ஒருக்கா பாருங்கள். யூஸ் ஃபிளாக் என்ற தெரிவுகளில் வேண்டாததை வெட்டலாம், ஜிலிப்சியும் இருந்த இடத்திலேயே உயரும். எனக்கு ஒருநாளும் கவிழ்ந்ததில்லை. 2023 டிசம்பர் 29 இல் இருந்து அவர்களே பைனரிப் பொதிகளும் தருகிறார்கள், ஆகவே பெரிய பொதிகளை அப்படியே எடுத்துவிட்டு மிச்சத்தைக் கட்டலாம்.

நீங்கள் எதைக் கட்டினாலும், 8 ஜிபி ரம்முக்கு மேக்கில் நாலு வேலைக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரு வேலைக்கு 2 ஜிபி என்று கணக்கு. சி பிளஸ் பிளஸ் பெரியவை வரும்போது எட்டு கொடுத்தால் நடுவில் ரம் போதாமல் லினக்ஸின் கருவான கேர்னல் வந்து கொம்பைலரைக் கொன்றுவிடும், நீங்கள் சோர்ஸில் பிழை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கரண்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் தெஹிவளையில், மேசைக் கணினி, அப்போது யுபிஎஸ் இல்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கு கியூட்டி வெப்என்ஜின் என்ற பெரிய பொதியைத் தொடக்கினேன். ஐந்தரை மணி நேரமாக மின்விசிறிக்கு எதிரே வைத்துப் பார்த்துப் பார்த்து வளர்த்தது, முடியப்போகிறது. பதினொன்றரை அளவில் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு என்றார்கள். போர்ட்டேஜின் எமெர்ஜ் கட்டளையில் 'ரெஸ்யூம்' இருக்கிறது, ஆனால் அது பொதிப் பட்டியலைத்தான் விட்ட இடத்தில் இருந்து தொடரும், பாதியில் நின்ற பொதியை முதலில் இருந்து கட்டும். அடுத்த சம்பளத்தில் யுபிஎஸ் வாங்கினேன், கொம்பைல் ஆனதைச் சேமித்து வைக்கும் சி-கேஷும் போட்டேன். உங்களுக்கு லேப்டொப், பட்டரி இருக்கிறது, அந்தக் கவலை இல்லை.

சோர்ஸில் இருந்து கட்டினால் பாதுகாப்பு என்று மட்டும் நினைக்க வேண்டாம். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலின் கதை தெரியும்தானே? 2024 மார்ச் 29 இல் அன்ட்ரெஸ் ஃப்ரொயின்ட் என்ற பொறியியலாளர் வெளியிட்டார், தூரத்துப் பெட்டிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லொகின் அரை வினாடி தாமதமாகிறதே என்று துருவிப் பார்த்ததில் பிடிபட்டது. 5.6.0, 5.6.1 இரண்டிலும் கள்ளக் கதவு. அதைத் திறக்கும் வரி கிட் என்ற சோர்ஸ் களஞ்சியத்தில் இல்லை, வெளியிட்ட டார் கோப்பில்தான் இருந்தது. நாம் எல்லோரும் இறக்கிக் கட்டுவது அந்த டாரைத்தானே. ஆனால் டெபியன், ரெட் ஹெட் வகை லினக்ஸ்களின் டெப், ஆர்பிஎம் பொதியாகக் கட்டினால் மட்டும் விழித்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார்கள். கையால் கட்டுகிறவர்களை அந்தக் கள்ளன் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அதுதான் நம்மைக் காப்பாற்றியது.


கொட்டாஞ்சேனைக் குருவி எழுதியது:

நன்றி எல்லோருக்கும். அண்ணாவின் லிப்சிக் கதையை வாசித்துவிட்டு உடனே ஒரு லைவ் பென் டிரைவ் செய்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன். டார் கோப்புகள் எல்லாம் இருக்கின்றன, எண்ணினால் 226. அதில் நான் பெயரே மறந்தவை நிறைய. ஜென்டூ பிறகு பார்க்கிறேன், முதலில் நான் கட்டியதை நானே காப்பாற்றிப் பார்க்க வேண்டும்.

இரண்டு சந்தேகம். ஒன்று, கேர்னல். என்னுடையது 6.13, அதற்கு இனித் திருத்தம் வராது என்று இருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் மற்றதெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டுமா? இரண்டாவது, போன கிழமை வீட்டு இணையம் போனபோது அண்ணனின் போனை யுஎஸ்பியில் செருகினேன், பெட்டி திரும்பியும் பார்க்கவில்லை. லைவ் பென் டிரைவில் எழுப்பினால் அதே போன் வேலை செய்கிறது. 'பார், விண்டோஸ் என்றால் வந்திருக்கும்' என்று அண்ணன் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.


உப்புக்காற்று எழுதியது:

லோக்கல்மொட்கொன்ஃபிக் ஓடவிட்டீர்களா? எனக்கு மணக்கிறது. அந்தக் கட்டளை, அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மொடியூல்களை (சாதனங்களை இயக்கும் கேர்னல் துண்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எல்லாம் வெட்டிவிடும். கட்டும்போது போன் செருகியிருக்கவில்லை என்றால் போனுக்கான மொடியூலும் போய்விடும். அண்ட்ரொய்ட் போனுக்கு ஆர்என்டிஐஎஸ் ஹோஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, யுஎஸ்பி நெட்வொர்க் பகுதிக்குள். அதை மொடியூலாகப் போடுங்கள். அதற்கு முன்னர் லைவ் பென் டிரைவில் எழுப்பி, வீட்டில் உள்ள போன், பிரின்டர், வெப்காம், பக்கத்து வீட்டார் கொண்டுவரும் எக்ஸ்ஃபட் பென் டிரைவ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செருகி, ஏறிய மொடியூல்களைக் காட்டும் எல்எஸ்மொட் என்ன சொல்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்படி விட்டது ஸ்கேனர். பெட்டியைப் பழி சொல்லிப் புதுக் கேபிள் கூட வாங்கினேன்.

கேர்னலை மாற்ற ஒன்றையும் திருப்பிக் கட்டத் தேவையில்லை. உள்ளதிலேயே சுகமான வேலை அதுதான். 6.12 நீண்ட காலத் திருத்தம் பெறும் வரிசை, அதற்குப் போங்கள். இலக்கம் குறைகிறதே என்று பயப்பட வேண்டாம், ஜிலிப்சி அதற்கு முகம் சுளிக்காது. பழைய கொன்ஃபிக் கோப்பை எடுத்து வைத்து 'ஓல்ட்கொன்ஃபிக்' ஓடவிட்டால் வித்தியாசமானதை மட்டும் கேட்கும். ஒன்று மட்டும் பாருங்கள்: ஜிலிப்சி கட்டியபோது போட்ட கேர்னல் ஹெடர்களைத் தொடக் கூடாது, அவை ஜிலிப்சியின் சொத்து. பழைய கேர்னலும் குரப்பில் இருக்கட்டும்.

12.4 கட்டும்போது ஜிசிசி 15 உங்களோடு கொஞ்சம் சண்டை பிடிக்கும். அது எதுவும் சொல்லாவிட்டால் சி மொழியின் புதிய தரமான சி23 என்று எடுத்துக்கொள்ளும். அதில் 'பூல்' ஒரு ஒதுக்கிய சொல், பழைய நிரல்களில் ஆளாளுக்குத் தாங்களே பூல் என்று ஒன்றைச் செய்து வைத்திருப்பார்கள், அது பிழை என்று நிற்கும். அடைப்புக்குறிக்குள் ஒன்றும் எழுதாமல் விட்ட ஃபங்ஷன்களுக்கும் அர்த்தம் மாறிவிட்டது. எல்எஃப்எஸ், பிஎல்எஃப்எஸ் பொதிகளுக்குப் புத்தகத்திலேயே வழி இருக்கிறது. நீங்களாகச் சேர்த்த அநாமதேயங்கள் ஏதாவது நின்றால், கொம்பைலருக்குத் தெரிவு சொல்லும் சிஃபிளாக்ஸில் தரத்தை ஜிஎன்யு17 என்று கொடுத்துப் பாருங்கள், அநேகமாக ஓடும்.

ஹோம் பார்ட்டிஷனைச் சுருக்கித்தான் இரண்டாவது ரூட்டுக்கு இடம் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னர் வெளியே ஒரு கொப்பி. இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.


கொட்டாஞ்சேனைக் குருவி எழுதியது:

ஐந்து கிழமை கழித்து வருகிறேன். 12.4 எழும்பிவிட்டது. 226 இல் இருந்து 171 ஆகக் குறைத்தேன், 'ஆசைக்குப் போட்டது' 55! ஒவ்வொன்றுக்கும் டார், ஸ்கிரிப்ட், முதல் வரியில் காரணம். ஜிசிசி சோதனைகளை ஓடவிட்டுவிட்டுத் தூங்கினேன், காலையில் பார்த்தால் லேப்டொப்புக்குக் கீழே வைத்த கொப்பி மட்டை வளைந்திருக்கிறது, அவ்வளவு சூடு. பூல் பிழை இரண்டு பொதியில் வந்தது. ஒன்று ஜிஎன்யு17 க்கு அடங்கியது. மற்றது அடங்கவில்லை, அது ஒரு பழைய விளையாட்டு, கழித்துவிட்டேன்.

முந்தநாள் இணையம் போனது. அண்ணன் தன் வேலைக்கு ஏதோ அவசரமாக அனுப்ப வேண்டும், அவனுடைய லேப்டொப்பில் விண்டோஸ் அப்டேட் 30 சதவீதத்தில் நிற்கிறது. என் பெட்டியில் போனைச் செருகி அனுப்பிவிட்டுப் போனான். ஒன்றும் சொல்லவில்லை.

உப்புக்காற்று அண்ணா, பழைய ரூட்டில் 40 ஜிபி சும்மா கிடக்கிறது. இப்போது அழிக்கலாமா?


உப்புக்காற்று எழுதியது:

கை வைக்காதீர்கள். அடுத்த செப்டெம்பரில் அதன் மேல்தான் கட்டப்போகிறீர்கள்.